காலுக்குக் கீழே இருந்த பதினெட்டு அடி

வியாழக்கிழமை காலை பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. கூடலூருக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரம் ஒன்று ரோட்டை அடைத்து நீளவாக்கில் விழுந்து கிடந்தது. தீயணைப்புக்காரர்கள் மோட்டார் ரம்பத்தால் அறுக்கத் தொடங்கியதும் அந்த வாடை எழுந்தது. உனக்குத் தெரிந்த வாடைதான். தைலப் புட்டியைத் திறந்தது போல மூக்கின் உச்சிவரை ஏறும். மழை விட்டிருந்ததால் எல்லோரும் இறங்கி செல்போனில் படம் எடுத்தார்கள். நான் குடையை மடக்கிக்கொண்டு வேரிலிருந்து நுனிவரை நடந்தேன். இருபத்தொன்பது எட்டு. என் எட்டு ஒன்றுக்கு இரண்டரை அடி. எழுபத்திரண்டரை அடி மரம்.

"டீச்சர், அங்க என்ன பண்றீங்க? கிளை ஆடுது, இந்தப் பக்கம் வாங்க" என்று கண்டக்டர் கத்தினார்.

விழுந்த மரத்தைக் கண்டால் நீளம் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. இரண்டு வருடமாக இப்படித்தான். சினிமாவில் இடைவேளைக்கு முன்பே அழுது முடிக்கிறவள் என்று நீ என்னைக் கிண்டல் செய்வாய். அவள் எங்கே போனாள் என்று தெரியவில்லை. இப்போது அழுகை வருவதில்லை, பயமும் வருவதில்லை. ஒரு எண் வருகிறது, அதைச் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிடுகிறேன்.

உன் அடுப்படிமேல் மரம் விழுந்து நீ இறந்துபோய் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு இரண்டு வருடம் முடிந்தது. படையல் போட உன் மகள் நிரோஷா கோயம்புத்தூரிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தாள். நர்ஸிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள், தெரியுமா? ஊரில் அவளுக்கு வேறு வீடு இல்லாததால் வந்தால் என்னிடம்தான் தங்குகிறாள். மரத்தை ஓரம் தள்ளிப் பஸ் கிளம்பியபோது, இந்தத் தடவை அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அன்றைக்கு நீ அந்த வீட்டுக்குள் இருந்ததற்குக் காரணம் நான் போட்ட கணக்கு என்று. இரண்டு வருடமாக அது அவளுக்குத் தெரியாது.

நாம் இரண்டு பேரும் தோட்டத்து வீட்டு வரிசையில், ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். நம் அப்பா அம்மாக்கள் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரே கப்பலில் வந்து, ஒரே லாரியில் ஏற்றப்பட்டு, இந்த மலையில் இறக்கிவிடப்பட்டவர்கள். நான் உன்னைவிட ஆறு மாதம் பெரியவள். அந்த ஆறு மாதத்தை வைத்து நான் அதிகாரம் செய்ததாக நீ சொல்வாய், செய்தேன்தான். பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. கணக்கில் நீ முப்பத்தொன்று வாங்கினாய். நான்கு மார்க்கில் போயிற்று. கேள்வித்தாளில் தீட்டாவைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டதாக நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். அடுத்த வாரம் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டாய். நான் மேலே படித்துக் கணக்கு டீச்சர் ஆனேன். உனக்கு அதில் பொறாமை இருந்ததாக ஒருநாளும் தெரியவில்லை. "அந்தத் தீட்டா மட்டும் இல்லேன்னா நானும் உன்னாட்டம் சேலைக்குப் பின்னு குத்திக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிருப்பேன்டி" என்பாய், அவ்வளவுதான்.

உன் வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர் திரும்பவே இல்லை. நீ தனியாகவே கல் சுமந்து, சரிவில் இருந்த உன் துண்டு நிலத்தில் வீடு கட்டினாய். வீட்டுக்கு மேலே, அடுத்த தோட்டத்தின் எல்லையில், அந்தக் கற்பூர மரம். வெட்டச் சொல்லி மனு கொடுத்தாய், ஆட்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதனால் ஜூன் பிறந்து காற்று ஏறியதும் நீயும் நிரோஷாவும் பாயும் போர்வையும் குக்கருமாக ரோட்டுமேல் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். அந்தச் சரிவில் இருக்கிற பாதிப் பேர் அப்படித்தான் மழைக்கு எங்காவது மேட்டில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள். ஆகஸ்டு கடைசியில் பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்புவார்கள். ஏழு வருடம் வந்தாய். எனக்கு அது பிடித்திருந்தது. காலையில் உன் டீயின் இஞ்சி வாசனையில்தான் எழுந்திருப்பேன்.

எட்டாவது வருடம் என் மாமியார் படுக்கையில் விழுந்தார். நீங்கள் படுக்கும் அறையில்தான் அவருக்குக் கட்டில் போட்டோம். மே மாதம் ஒருநாள் என் வீட்டுக்காரர், "இந்த வருசமும் அவங்க வருவாங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நான் பதில் சொல்லவில்லை. நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாயா, அது உன் காதில் விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்த என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"ஏன்டி டீச்சரம்மா, மரத்தோட உயரத்தக் கண்டுபிடின்னு பிள்ளைங்களுக்குக் கணக்குக் குடுக்கறியே, நெசமாவே கண்டுபிடிக்க முடியுமா, இல்ல சும்மா மார்க்குக்கா?"

"முடியும்."

"அப்ப எங்க மரத்த அளந்து சொல்லு. என் அடுப்படி வரைக்கும் எட்டுமா எட்டாதான்னு. எட்டாதுன்னா நான் இந்த வருசம் பாயத் தூக்கிக்கிட்டு ஒன் வாசல்ல வந்து நிக்கமாட்டேன்."

"யாருடி உன்ன வரவேணாம்னது?"

"யாரும் சொல்லல. நீ அளந்து சொல்லு."

மறுநாள் பள்ளிக்கூடத்து நீள டேப்பையும், கோணம் பார்க்கும் அட்டையையும் கொண்டு வந்தேன். அட்டை என்றால் பிள்ளைகள் செய்ததுதான்: பாகைமானியில் நூல் கட்டி, நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, மேலே ஒரு ஸ்ட்ராவை ஒட்டியது. நீ அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எதுவும் தெரியாமல் டேப்பைப் பிடிக்கமாட்டேன், முதலில் எனக்குச் சொல்லிக்கொடு என்றாய். உன் வீட்டுப் பக்கத்திலிருந்து மரத்தைத் தாண்டி ரோட்டுக்கு ஏறும் பாதையில் உட்கார்ந்தோம். குச்சியால் மண்ணில் ஒரு முக்கோணம் கிழித்தேன்.

"இந்தச் சாய்வுக் கோடுதான் இந்தப் பாதைன்னு வை. பத்தடி நடந்தா எவ்வளவு உசரம் ஏறுவ?"

நீ பாதையை ஏற இறங்கப் பார்த்தாய். "ஒரு மூணடி ஏறுவேன். தலையில கூடை இருந்தா முப்பதடி ஏறினாப்புல இருக்கும்."

"ஏறின மூணை நடந்த பத்தால வகுத்தா அதுதான் சைன். இதே பத்தடிக்கு, ஏறினத விட்டுட்டுக் கீழ மட்டத்துல எவ்வளவு தள்ளிப் போனேன்னு பார்த்து, அதைப் பத்தால வகுத்தா அது காஸ். ஏறினத அந்தத் தள்ளிப்போனதால வகுத்தா டேன்."

"இருபதடி நடந்தா?"

"ஆறடி ஏறுவ. வகுத்துப் பாரு, அதே விடைதான் வரும். பாதை எவ்வளவு நீளம்ங்கறது முக்கியமில்ல. எவ்வளவு சாஞ்சிருக்குங்கறதுதான்."

என் கையிலிருந்த குச்சியை வாங்கி அந்தச் சாய்வுக் கோட்டின்மேல் இழுத்துப் பார்த்தாய். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாய். "இவ்வளவுதானா? இதுக்காடி நான் பேனாவ மூடி வச்சேன்? தெனமும் கால்ல நடந்துக்கிட்டு இருந்ததத்தான் தீட்டான்னு சொன்னாங்களா? இப்ப விளங்கிருச்சுடி." அவ்வளவு சந்தோஷமாக உன்னை நான் பார்த்தது குறைவு. எனக்குப் பெருமையாக இருந்தது. பதினெட்டு வருட வேலையில் நான் நடத்திய நல்ல பாடங்களில் ஒன்று அது.

அதற்குப் பிறகு மரத்துக்கு வந்தோம். அட்டையில் நூல் நாற்பத்தைந்தில் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டால் தூரமும் உயரமும் சமம், ஒன்றை ஒன்றால் வகுத்தால் ஒன்று, அதனால் தூரத்தை அளந்தால் போதும் என்றேன். மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஆள் நிற்க முடியாத புதர். இரண்டு பக்கமும் தேயிலை. டேப்பை இழுக்க இடமிருந்தது ரோட்டுக்கு ஏறும் அந்தப் பாதையில்தான். நீ டேப்பின் முனையை மரத்தடியில் பிடித்துக்கொண்டாய். நான் ஸ்ட்ரா வழியாக நுனியைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக ஏறினேன். நூல் நாற்பத்தைந்தில் நின்றபோது டேப்பில் அறுபது அடி. என் கண் உயரம் ஐந்தடி. அறுபத்தைந்து. மரத்திலிருந்து அடுப்படிச் சுவர்வரை நீயே புதருக்குள் நுழைந்து, கையெல்லாம் முள் கீற, அளந்து வந்தாய். எழுபது.

"எட்டாது. இன்னும் அஞ்சடி மிச்சம்" என்றேன்.

அந்த நேரத்தில் எனக்குள் என்ன நடந்தது என்பதை எழுதிவிடுகிறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. உனக்காக மட்டும் வந்த நிம்மதி என்று சொன்னால் பொய். வீட்டில் கட்டில் போட்ட அறையும், நான் பதில் சொல்லாத அந்தக் கேள்வியும் நினைவுக்கு வந்தன. இனி பதில் சொல்லத் தேவையில்லை என்று தோன்றியது. விடை பிடித்துப்போனதால் நான் திரும்பச் சரிபார்க்கவில்லை. பிள்ளைகள் ஒரு கணக்கைச் சரிபார்க்காமல் கொடுத்தால் முட்டி போடச் சொல்கிறவள் நான்.

ஜூலையில் ஒருநாள் மழைக்காகத் தோட்டத்தில் மத்தியானமே வேலையை நிறுத்தினார்கள். நீ உன் வீட்டுக்குப் போய் அடுப்பு பற்ற வைத்திருக்கிறாய். மூன்று மணி வாக்கில் மரம் வேரோடு சாய்ந்தது. எங்களுக்குத் தகவல் வந்து நான் ஓடி வந்தபோது உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். உயிர் இல்லை என்று அங்கே நின்றவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மரத்தின் நுனிதான் விழுந்திருந்தது. அது கூரை ஷீட்டை உடைத்துச் சுவரைத் தள்ளியிருந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நான் புதருக்குள் இறங்கி, வேரிலிருந்து மரத்தை ஒட்டி நடந்தேன். முப்பத்திரண்டு எட்டு. எண்பது அடி. உன் பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சி வந்து என் கையைப் பிடித்து, "டீச்சரே, எந்தா ஈ காட்டுன்னது? இவிடே வந்நு இரிக்கூ" என்று நான் செய்வது புரியாமல் கேட்டு உட்கார வைத்தாள். மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். கலங்கவில்லை. பதினைந்து அடி எங்கே போயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கே போயிற்று என்று இரண்டாம் நாள், உன் அடக்கம் முடிந்து வந்து கால் கழுவும்போது தெரிந்தது. நான் மரத்தடியைவிட மேலே நின்றிருந்தேன். பாடப்புத்தகத்தில் மரம் எப்போதும் சமதளத் தரையில் நிற்கும். பார்க்கிறவனும் அதே தரையில் நிற்பான். நமக்கு ஏறும்போது மூச்சு வாங்கினால்தான் மேடு. வாங்காவிட்டால் அதற்குப் பெயர் மட்டம். பிறந்ததிலிருந்து சரிவிலேயே நின்ற கால் அதைச் சரிவு என்று சொல்லவில்லை. நான் நின்ற இடத்துக்கும் மரத்தடிக்கும் பதினெட்டு அடி இறக்கம். மட்டமாகப் பார்த்தால் தூரம் அறுபது இல்லை, ஐம்பத்தேழுதான். ஐம்பத்தேழு, என் கண் உயரம் ஐந்து, என் காலுக்குக் கீழே இருந்த பதினெட்டு. எண்பது. மரத்தடியைப் பார்க்க நான் தலையைக் குனிய வேண்டியிருந்தது. அதற்கு இறக்கக்கோணம் என்று பெயர். ஏற்றக்கோணத்துக்கு அடுத்த பக்கத்தில் அதே பாடத்தில் இருக்கிறது. பிள்ளைகளிடம் வருடா வருடம் கேட்கிற ஐந்து மார்க் கேள்வி.

இந்த வருடமும் அந்தப் பாடத்தை நடத்தினேன். குரல் நடுங்கவில்லை. 'சமதளத் தரையில் உள்ள ஒரு மரத்தின்' என்று வாசித்தேன், பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். மணி அடித்தது, சாக்பீஸ் கையைக் கழுவிவிட்டு வந்து மோர் குடித்தேன்.

நிரோஷா விஷயம் வேறு. அவள் உன்மேல் கோபமாக இருந்தாள். போன வருடப் படையலன்று உன் போட்டோவுக்குப் பொட்டு வைக்கச் சொன்னதற்கு, "நீங்களே வைங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டாள். "எல்லா வருசமும் மழைக்குப் போவாங்க. அந்த வருசம் மட்டும் ஏன் போகல? நான் ஹாஸ்டல்லருந்து போன் பண்ணிக் கத்தினேன். இந்த வருசம் தேவையில்லன்னு சிரிக்கறாங்க. வீம்பு. யார் வூட்டுலயும் போயி நிக்கக் கூடாதுன்னு வீம்பு. அந்த வீம்புக்கு என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டாங்க." நான் அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். நான் அப்போது சொன்னது அவ்வளவுதான். உன்னை அவள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு ஒரு வருடம் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படையல் முடிந்ததும் அவளை உட்கார வைத்து, ஒரு வெள்ளைத் தாளில் படம் வரைந்தேன். பாதை, மரம், நான் நின்ற இடம், உன் அடுப்படி. முதலில் நான் போட்ட கணக்கைப் போட்டேன். அதன் கீழே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். என் வீட்டில் இடம் இல்லாததையும், விடை வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்ததையும் சொன்னேன். குரல் பாடம் நடத்துகிற குரலாகவே வந்தது. அது எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் வேறு குரல் வரவில்லை.

அவள் தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"பெரியம்மா, அப்ப அம்மா வீம்புக்கு இருக்கலயா?"

"இல்லம்மா. எட்டாதுன்னு நான் சொன்னத நம்பித்தான் இருந்தா."

"அன்னைக்கு அவ்வளவு காத்து அடிச்சுதே. அம்மா பயந்திருக்காது, இல்ல? மரம் வராதுன்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியாத்தான சமைச்சுக்கிட்டு இருந்திருக்கும்?"

"பயந்திருக்கமாட்டா" என்றேன்.

அவள் தாளை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு வருடத்தில் அவள் அழுது நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிறகு எழுந்து, உன் போட்டோவை எடுத்துத் தாவணி நுனியால் துடைத்து, தன் பைக்குள் துணிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். பஸ் ஏற்றிவிடப் போனேன். படியில் கால் வைத்தவள் திரும்பி, "நான் கொஞ்ச நாளைக்கு இங்க வரல பெரியம்மா. கோவம்னு இல்ல" என்றாள். ஒரு நிமிடம் கழித்து, "கோவந்தான்" என்றாள். சரிம்மா என்றேன். எட்டு நாள் ஆகிறது. போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை.

அவளிடம் ஒன்றைச் சொல்லவில்லை. உனக்குத்தான் அது தெரியும், அதனால் உனக்கே எழுதுகிறேன். அன்றைக்கு நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது நீ மரத்தடியிலிருந்து என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்டாய். "ஏன்டி, பத்தடிக்கு மூணடி ஏறுவோம்னு சொன்னியே. நீ அம்புட்டு மேல நிக்கற. அந்த உசரம் இதுல சேராதா?" நான் சிரித்தேன். "இதெல்லாம் ஒரு மேடாடி? பத்தாங்கிளாஸ் ஃபெயிலு, எனக்கே கணக்குச் சொல்லித் தர்றியா?" என்றேன். நீயும் சிரித்தாய். அதற்குமேல் கேட்கவில்லை. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாய்.

இதையும் சொன்னால் நிரோஷா உன்னை நினைத்துப் பெருமைப்படுவாள். ஆனால் அதற்குப் பிறகு, அந்த மத்தியானம் காற்று ஏற ஏற, அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த உனக்கு அந்தக் கேள்வி திரும்ப வந்ததா என்று யோசிக்கத் தொடங்குவாள். நான் தினமும் யோசிப்பதைப் போல. ஆகவே அது என்னோடு இருக்கட்டும். அவள் போன் பண்ணினாலும் சொல்லப்போவதில்லை.

நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சேரும்டி. அந்த உயரமும் சேரும்.